எடை போட்ட கையே குறையை விசாரிப்பதா?

(தோட்டக் கிளையின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கிளைச் செயலாளர் நிகழ்த்திய உரை)



சம்பளத்தைப் பற்றியும் போனஸைப் பற்றியும் மாவட்டத் தோழர் பேசுவார். கிளைக் கமிட்டி எங்களுக்கு ஒதுக்கிய விஷயம் வேறு. போலீஸ்காரர் ஒருவர் மேல் தொழிலாளிக்குக் குறை இருந்தால் அதை யாரிடம் சொல்வது, சொன்னால் அதை யார் விசாரிப்பது என்பதே அது. கமிட்டியில் இதை எடுத்தபோதே, "இது சங்க வேலையா? நமக்கு ஏன் இந்த வம்பு?" என்று இரண்டு மூன்று பேர் கேட்டார்கள். அப்படிக் கேட்டதில் தவறில்லை. வெளியில் சொல்லாமல் மனத்துக்குள் அப்படி நினைப்பவர்கள் இந்தப் பந்தலில் இன்னும் அதிகம் பேர் இருப்பார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லத்தான் எழுந்து நிற்கிறோம்.

கிராணிமார் மேல் உங்களுக்குள்ள பழைய கோபத்திலிருந்தே தொடங்குவோம். நாங்களும் கிராணிகள்தாம். ஆகவே இதைச் சொல்ல எங்களுக்கு உரிமை உண்டு.

விடியுமுன் நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு போய் மரம் வெட்டி, மங்கில் பால் சேர்த்து, வாளியில் எடுத்து வந்து ஸ்டோரில் ஊற்றுகிறீர்கள். நிறுப்பவர் கிராணி. பாலில் காய்ந்த ரப்பர் எத்தனை சதவீதம் என்று பார்ப்பவரும் கிராணி. அதைக் கணக்கில் எழுதுபவரும் அவரே. சதவீதத்தைக் குறைத்துப் போட்டுவிட்டார் என்று உங்களுக்குச் சந்தேகம் வந்தால் முன்காலத்தில் என்ன நடக்கும்? ஆபீசுக்குப் போய் மானேஜரிடம் சொல்வீர்கள். மானேஜர் அந்தக் கிராணியைக் கூப்பிட்டு, "இவன் சொல்வது உண்மையா?" என்று கேட்பார். "பால் தண்ணீராக இருந்தது ஐயா" என்பார் கிராணி. விசாரணை முடிந்தது. மறுநாள் பிரட்டில் உங்களுக்கு மேட்டுக்காட்டு நிரை கிடைக்கும். அதற்கு அடுத்த மாதம் யாரும் எடையைப் பற்றிப் பேசமாட்டார்கள். எடை சரியாகிவிட்டது என்று அதற்கு அர்த்தமா? இல்லை, வாய் மூடிக்கொண்டது என்றுதான் அர்த்தம்.

நம் கிளை இதற்கு என்ன செய்தது? தொழிலாளர் பிரதிநிதி ஒருவர் தராசுக்கருகில் நிற்கலாம், சந்தேகமானால் மறு சோதனை கேட்கலாம் என்று பேசி வாங்கியது. அன்று சில கிராணிமார் முகத்தைச் சுளித்தார்கள். "எங்களைத் திருடர் என்கிறீர்களா?" என்று கேட்டார்கள். இன்று எங்களைக் கேட்டால், அந்தப் பிரதிநிதி நிற்பதில் எங்களுக்கே நிம்மதி என்று சொல்வோம். பொய்க் குறை கிளம்பினால் சாட்சி சொல்ல ஒரு ஆள் இருக்கிறார். ஒழுங்காக எடை போடுகிறவனுக்கு அருகில் ஒருவர் நிற்பதால் என்ன நட்டம்?

தராசுக்கு அருகில் ஆள் வைத்த நாம், லாக்கப்புக்கு அருகில் ஆள் இல்லையே என்று கேட்பது எப்படிச் சங்க வேலைக்கு வெளியே போகும்?

இனி நம் தோட்டத்திலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறோம். ஊர், பெயர், ஸ்டேஷன் எதையும் சொல்லப் போவதில்லை. தெரிந்தவர்கள் மனத்தோடு வைத்துக்கொள்ளுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு பதினொரு மணிக்கு எங்கள் குவாட்டர்ஸ் கதவு தட்டப்பட்டது. தட்டியவர் பால் வெட்டும் ஒரு தோழர். "கிராணியார், பையனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்" என்றார். பையனுக்கு வயது பத்தொன்பது. டவுனில் சாப்பாட்டுக்கடையில் உட்கார்ந்திருந்தவனை, காணாமற்போன ஒரு மோட்டார் சைக்கிளுக்காக மற்ற இருவருடன் சேர்த்து வண்டியில் ஏற்றிவிட்டார்கள். நாங்களும் அவரும் போனோம். முதல் ஸ்டேஷனில் "இங்கே யாரும் இல்லை" என்றார்கள். அடுத்ததிலும் அதே பதில். திரும்பி முதல் ஸ்டேஷனுக்கே வந்து வாசல் பெஞ்சில் இரவு முழுவதும் உட்கார்ந்திருந்தோம். பையன் வேறொரு ஸ்டேஷனில் இருக்கிறான், மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோய் நான்கு நாள் ரிமாண்ட் வாங்கிவிட்டார்கள் என்பது மறுநாள் மத்தியானம்தான் தெரிந்தது.

நான்காம் நாள் விட்டுவிட்டார்கள். வழக்கு ஒன்றும் இல்லை. பையனின் இடது காதில் பஞ்சு வைத்திருந்தது. அரசாங்க ஆஸ்பத்திரி டாக்டர் செவிப்பறை கிழிந்திருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார். அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு ரிப்போர்ட் செய்யப் போனோம். எங்கே போனோம்? அவனை வைத்திருந்த அதே ஸ்டேஷனுக்கு. மேசையில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "அடித்தது யார்? பெயர் தெரியுமா? நம்பர் தெரியுமா?" என்று கேட்டார். பையனுக்குத் தெரியவில்லை. அடித்தவர்கள் மப்டியில் இருந்தார்களாம், சட்டையில் பெயர்ப்பட்டை இல்லையாம். எழுதிக்கொண்டு ஒரு நகல் கொடுத்தார்.

இரண்டு வாரம் கழித்து லயத்துக்கு ஒரு கார் வந்தது. வாக்குமூலம் வாங்க இரண்டு பேர் வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவரைப் பார்த்ததும் பையன் வீட்டுக்குள் போய்விட்டான். தகப்பனார் வாசலில் நின்று, "ஒன்றும் இல்லை ஐயா, பையன் குளியலறையில் விழுந்துவிட்டான்" என்றார். அவர்கள் எழுதிக்கொண்டு போனார்கள். அத்துடன் பிராது முடிந்தது.

அந்தத் தகப்பனாரைக் கோழை என்று நாம் சொல்லமாட்டோம். பிள்ளை இன்னும் அந்த டவுனில்தான் நடக்கவேண்டும். மேட்டுக்காட்டு நிரைக்குப் பயந்து எடையைப் பற்றிப் பேசாமல் இருந்தோமே, அதே பயம்தான் இது. பையன் இன்று ஜொகூரில் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறான். பெருநாளுக்கு வந்தால், யார் பேசினாலும் வலது காதைத் திருப்பிக் கேட்கிறான்.

இதில் எங்கள் பங்குக் குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். தினமும் காலையில் நூறு பேர் வருகையைச் செக்ரோலில் பதிகிறவர்கள் நாங்கள். யார் அரைநாள், யார் சுகவீனம் என்று ஒரு கோடு தவறாமல் எழுதுகிறவர்கள். அந்த இரவை நாங்கள் ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. எத்தனை மணிக்கு எந்த ஸ்டேஷனுக்குப் போனோம், மேசையில் யார் இருந்தார், என்ன சொன்னார் என்பதற்கு ஒரு குறிப்பும் இல்லை. பின்னால் வக்கீல் ஒருவர் கேட்டபோது எங்களுக்குள்ளேயே மணி ஒத்துப்போகவில்லை.

போகட்டும். அந்த இரவு எங்களுக்குத் தெரியாமல் இருந்த சில சட்டங்களைப் பிற்பாடு தெரிந்துகொண்டோம். நீங்களும் காதில் போட்டுக்கொள்ளுங்கள்.

மலேசிய அரசியல் சட்டம் 5ஆம் பிரிவு, கைது செய்யப்பட்டவருக்குக் காரணத்தைச் சொல்லவேண்டும், தமக்கு விருப்பமான வக்கீலைப் பார்க்க விடவேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் கொண்டுபோக வேண்டும் என்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 28ஏ என்று ஒரு பிரிவு 2006ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்க்கப்பட்டது. விசாரிக்கத் தொடங்குமுன், தாம் இருக்கும் இடத்தை உறவினருக்கோ நண்பருக்கோ தெரிவிக்கலாம் என்று கைதானவரிடம் போலீஸ் சொல்லவேண்டும் என்பது அந்தப் பிரிவு. கூட்டாளிகள் ஓடிவிடுவார்கள், சாட்சியம் அழிந்துவிடும் என்பது போன்ற காரணத்துக்காக இதை நிறுத்தி வைக்கவும் அதிலேயே வழி இருக்கிறது. சட்டத்தில் கதவு இருக்கும் இடத்தில் சன்னலும் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். அதே சட்டத்தில் 107ஏ என்று இன்னொன்று. ரிப்போர்ட் செய்தவர், நான்கு வாரம் கழித்து, விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்கலாம். கேட்டால் இரண்டு வாரத்துக்குள் பதில் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் அரசாங்கப் பிராசிக்யூட்டருக்கு எழுதலாம். நாங்கள் கேட்கவில்லை. கேட்கலாம் என்பதே தெரியாது.

ரிமாண்டுக்கும் கணக்கு உண்டு. பதினான்கு ஆண்டுக்குக் குறைந்த தண்டனையுள்ள குற்றமானால் முதலில் நான்கு நாள், பிறகு மூன்று நாள். அதற்கு மேற்பட்ட குற்றமானால் ஏழும் ஏழும். இந்தக் கணக்கு முடிந்ததும் வேறு மாவட்டத்துப் போலீஸ் வேறொரு குற்றம் சொல்லி மறுபடி பிடிக்கும் வழக்கத்துக்குச் சங்கிலி ரிமாண்ட் என்று பெயர். செக்ரோலில் ஒரே ஆளை இரண்டு டிவிஷனில் பெயர் போட்டால் எங்களை வேலையிலிருந்து நீக்கிவிடுவார்கள். அங்கே அது நடக்கிறது.

செவிப்பறையோடு போனவர்கள் அதிர்ஷ்டசாலிகள் என்று சொல்லவேண்டிய நிலையும் இந்த நாட்டில் இருந்திருக்கிறது. ஏ. குகன் வழக்கு உங்களில் பெரும்பாலோருக்கு நினைவிருக்கும். கார் திருட்டுச் சந்தேகத்தில் 2009 ஜனவரியில் பிடிக்கப்பட்ட வாலிபர் அவர். ஜனவரி 20ஆம் நாள் சுபாங் ஜெயாவில் போலீஸ் காவலில் இறந்தார். முதல் பிரேதப் பரிசோதனை நுரையீரலில் நீர் கோத்ததாகச் சொன்னது. குடும்பத்தார் பிணவறைக்குள் போய் உடலைப் பார்த்தார்கள். முதுகிலும் உடம்பிலும் இருந்த அடையாளங்களை நாடே பத்திரிகையில் பார்த்தது. மலாயாப் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் நடந்த இரண்டாவது பரிசோதனையில், அடிபட்டுத் தசை சிதைந்து, அதனால் சிறுநீரகம் செயலற்றுப் போனதாகக் கண்டார்கள். ஒரே உடல், இரண்டு பரிசோதனை, இரண்டு காரணம். குடும்பத்தார் பிணவறைக் கதவோடு திரும்பியிருந்தால் முதல் காரணமே ஏட்டில் நின்றிருக்கும். கடைசியில் காயப்படுத்திய குற்றத்துக்காக ஒரு கான்ஸ்டபிளுக்கு மூன்றாண்டு சிறை. 2013இல் உயர்நீதிமன்றம் குடும்பத்துக்கு எட்டு லட்சம் வெள்ளிக்கு மேல் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது. அந்தத் தீர்ப்பை வாங்க ஒரு தாய் நான்கு ஆண்டுக்கு மேல் கோர்ட்டுப் படி ஏறினார்.

செய்தவரே விசாரிக்கும் வழக்கம் நேற்று முளைத்ததன்று. 1948 டிசம்பர் 12ஆம் நாள் சிலாங்கூர் பத்தாங் காலியில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிரிட்டிஷ் பட்டாளத்தார் 24 தோட்டத் தொழிலாளரைச் சுட்டுக் கொன்றார்கள். அவர்கள் சீனத் தோழர்கள், நம்மைப் போல் பால் மரத்தை நம்பிப் பிழைத்தவர்கள். அது பட்டாளம், போலீஸ் அல்ல. ஆனால் கதை அதே கதைதான். ஓட முயன்றார்கள், சுட்டோம் என்று சுட்டவர்கள் சொன்னதை அன்றைய சர்க்கார் ஏற்றுக்கொண்டது. லயத்தில் உயிரோடு இருந்த பெண்களைக் கூப்பிட்டு முறையாக விசாரிக்கவில்லை. 1970இல் லண்டனில் விசாரணை தொடங்கி நடுவில் நின்றது. புதிய விசாரணைக்கு உத்தரவிட முடியாது என்று 2015இல் லண்டன் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. 67 ஆண்டுகள்! முதல் மாதத்திலேயே வெளியாள் ஒருவர் வந்து அந்தப் பெண்களின் வாக்குமூலத்தை எழுதியிருந்தால் இத்தனை ஆண்டு தேவைப்பட்டிருக்குமா?

சரி, சர்க்காருக்கு இது தெரியாதா என்று கேட்பீர்கள். நன்றாகத் தெரியும். தெரிந்துதான் 2004இல், அப்துல்லா அகமது படாவி பிரதமராக இருந்தபோது, போலீஸ் படையை ஆராய ஓர் அரச விசாரணைக் கமிஷன் அமைக்கப்பட்டது. முன்னாள் தலைமை நீதிபதி துன் முகமது சைடின் அதற்குத் தலைவர். 2005 மே மாதம் அறிக்கை வந்தது. 125 சிபாரிசுகள். அவற்றில் எல்லாரும் பேசியது ஒன்றை. போலீஸ் மேல் வரும் பிராதுகளைப் போலீசுக்கு வெளியே இருந்து விசாரித்து, தானே தண்டனையும் கொடுக்கும் ஒரு சுயேச்சைக் கமிஷன் வேண்டும் என்பது அது. சட்ட நகலைக்கூடக் கமிஷனே எழுதிக் கொடுத்தது.

அதே அறிக்கையில் போலீஸ்காரரின் சம்பளத்தை உயர்த்தவேண்டும், வீட்டு வசதியைச் சீராக்கவேண்டும் என்றும் சிபாரிசு இருந்தது. இதை நாம் மறக்கக்கூடாது. கான்ஸ்டபிளும் மாதச் சம்பளக்காரர்தாம். நம் லயத்துப் பிள்ளைகளில் சிலர் அந்த உடுப்புப் போட்டிருக்கிறார்கள். அவர்களுடைய தாய் தகப்பன் இந்தப் பந்தலில் இருக்கிறார்கள். சம்சு குடித்துவிட்டு மனைவியை அடிப்பவனைப் பிடிக்க, குண்டர் கும்பல் லயத்துக்குள் வந்தால் விரட்ட, போலீஸ் வரவேண்டும் என்று முதலில் போன் போடுகிறவர்கள் நாம்தான். நம் பிள்ளைகளிலும் திருடினவன் இருக்கிறான், கும்பலில் சேர்ந்தவன் இருக்கிறான். அவனைப் பிடிக்கக்கூடாது என்று சங்கம் ஒருநாளும் சொல்லாது. பிடி, வழக்குப் போடு, கோர்ட்டில் நிறுத்து, தண்டனை வாங்கிக் கொடு. காதைக் கிழிக்க எந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது என்பது மட்டுமே நம் கேள்வி.

2005இல் நட்ட ரப்பர்க் கன்று ஆறு வருஷத்தில், 2011இல், வெட்டுக்கு வந்திருக்கும். கமிஷனும் ஏறக்குறைய அந்தக் கணக்கில்தான் வந்தது. ஆனால் கேட்ட மரம் வரவில்லை. 2009இல் ஒரு சட்டம் போட்டு, அமலாக்க நிறுவனங்களின் நேர்மையைக் கவனிக்க ஒரு கமிஷன் என்று 2011 ஏப்ரலில் தொடங்கினார்கள். போலீஸ், குடிநுழைவு, சுங்கம் என்று ஏறத்தாழ இருபது இலாகாக்கள் அதன் தலையில். தொடக்க ஆண்டுகளில் விசாரணை அதிகாரிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆயிரம் மரத்துக்கு ஒரு வெட்டாள் போட்டால் பால் எங்கே வரும்? இருந்தாலும் அந்தக் கமிஷன் நல்ல காரியம் செய்ததில்லை என்று சொல்லமாட்டோம். 2013இல் கோலாலம்பூரில் காவலில் இறந்த தர்மேந்திரன் விஷயத்தை எடுத்து விசாரித்து, போலீசார் பலாத்காரம் செய்ததே மரணத்துக்குக் காரணம் என்று 2016இல் வெளிப்படையாக அறிவித்தது. அறிவித்தது, அதற்கு மேல் அதற்குக் கை இல்லை. சிபாரிசு செய்யலாம், தண்டிக்க முடியாது.

2019இல் தண்டிக்கும் அதிகாரத்தோடு ஒரு மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தது. 2020 பிப்ரவரியில் அந்த அரசாங்கம் கவிழ்ந்தது, மசோதாவும் போயிற்று. அதே ஆண்டு ஆகஸ்டில் வேறொரு மசோதா வந்தது. அது 2022 ஜூலையில் மக்களவையில் நிறைவேறி, 2023 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. பழைய கமிஷன் கலைக்கப்பட்டது. புதியதற்கு மலாயில் சுருஹான்ஜாயா பெபாஸ் தாத்தாகெலாக்குவான் போலீஸ் என்று பெயர். போலீஸ் நடத்தை பற்றிய சுயேச்சைக் கமிஷன் என்று நாம் சொல்லிக்கொள்வோம்.

இதில் நல்லது என்ன? போலீசுக்கென்றே தனிக் கமிஷன், இருபது இலாகாவுக்கு ஒன்று அல்ல. ஸ்டேஷனுக்குப் போகாமலே அதற்கு நேரே பிராது எழுதலாம். காவலில் ஒருவர் இறந்தாலோ கடுங்காயம் அடைந்தாலோ போலீஸ் தானே அந்தக் கமிஷனுக்குத் தெரிவிக்கவேண்டும். அந்தத் தகப்பனார் வாசலில் கார் வந்து நின்ற கதையை நினைத்துப் பாருங்கள். வேறு ஆபீசிலிருந்து வேறு ஆள் வந்திருந்தால் அவர் வாயில் குளியலறை வந்திருக்குமா?

இனிக் குறையையும் சொல்லவேண்டும். கமிஷன் விசாரித்து, தப்பு நடந்திருக்கிறது என்று கண்டால், ஒழுங்கு நடவடிக்கைக்காக அதைப் போலீஸ் படைக் கமிஷனுக்கு அனுப்பவேண்டும். அது வேறு, இது வேறு, பெயர் குழப்பும், கவனியுங்கள். இந்தப் போலீஸ் படைக் கமிஷன் அரசியல் சட்டம் 140ஆம் பிரிவின்படி அமைந்தது. அதன் தலைவர் போலீசுக்குப் பொறுப்பான மந்திரி. அதன் அங்கத்தினருள் ஒருவர் நாட்டின் போலீஸ் படைத் தலைவரே. அமைச்சின் தலைமைச் செயலாளரும் உண்டு. ஆக, வெளியாள் வந்து நிறுத்துப் பார்த்து, எடை குறைவு என்று எழுதிக் கொடுக்கிறார். அந்தக் கடிதம் போய்ச் சேர்வது திரும்பவும் ஆபீஸ் மேசைக்கு. கிராணியைத் தண்டிப்பதா வேண்டாமா என்பதை மானேஜரும் பெரிய கிராணியும் உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள். 2005இல் கேட்டது இது அல்ல.

இன்னொன்று. போலீஸ் படைத் தலைவர் பிறப்பிக்கும் நிலை உத்தரவுகளின் கீழ் வரும் செயல்கள் இந்தக் கமிஷனின் வரம்புக்கு வெளியே வைக்கப்பட்டிருக்கின்றன. அந்த உத்தரவுகளை நீங்களும் நாங்களும் படிக்க முடியாது. எந்த வேலி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் காட்டுக்குள் நடப்பது போல அது.

வேறு நாட்டில் எப்படி என்று கேட்டால் ஓர் உதாரணம் போதும். வட அயர்லாந்தில் பல ஆண்டு கலவரத்தால் போலீஸ் மேல் மக்களில் பாதிப் பேருக்கு நம்பிக்கை அற்றுப்போயிருந்தது. அங்கே 2000ஆம் ஆண்டு போலீஸ் ஒம்புட்ஸ்மன் என்று ஒரு பதவியை ஏற்படுத்தினார்கள். பொதுமக்களின் பிராது எல்லாம் அங்கேதான் போகும். விசாரிப்பவர்கள் அந்த அலுவலகத்தின் சொந்த ஆட்கள். அதனால் போலீஸ் படை சரிந்து விழவில்லை.

சரி, சட்டம் குறைபாடு உள்ளது, அதைத் திருத்தச் சொல்லிச் சங்கம் மேலே எழுதும். அந்தத் தீர்மானம் தனியாக வரும், கையை உயர்த்துவீர்கள். ஆனால் தீர்மானம் போட்டுவிட்டு மிக்சரும் தேநீரும் சாப்பிட்டுக் கலைவதற்கா இவ்வளவு பேசினோம்? எவ்வளவு நல்ல கமிஷன் வந்தாலும், அங்கே போய் நிற்கும்போது கையில் என்ன இருக்கிறது என்பதே கேள்வி. எந்த நாள், எத்தனை மணி, எந்த வண்டி, அதன் நம்பர் என்ன, மேசையில் இருந்தவரின் பெயர்ப்பட்டையில் என்ன எழுதியிருந்தது, டாக்டர் எப்போது பார்த்தார், யார் கூட இருந்தார்? இவை இல்லாத பிராது தண்ணீர் கலந்த பால். இவை எழுதியிருந்தால், சிபாரிசு செய்யும் அதிகாரம் மட்டுமே உள்ள கமிஷன்கூட அதைக் கீழே போட முடியாது.

எழுதுவது யார் வேலை? கிராணி வேலை. இங்கேதான் எங்களுக்கும் உங்களுக்கும் உள்ள பழைய சண்டையை ஓரத்தில் வைக்கவேண்டும் என்கிறோம். பால்காட்டுத் தோழருக்குத் துணிச்சல் உண்டு, தோட்டத்தில் எல்லாரையும் தெரியும். எங்களுக்கு மலாயில் எழுத வரும், பாரம் நிரப்பத் தெரியும். ஒருவர் போய் நிற்க, ஒருவர் எழுத, அவ்வளவுதான் கமிட்டி கேட்பது. டிவிஷனுக்கு இரண்டு பேர். இரவு எந்த நேரமும் கைத்தொலைபேசியை எடுக்கவேண்டும். ஸ்டேஷனுக்குப் போய் வாசலில் மரியாதையாக நிற்கவேண்டும். சத்தம் போடக்கூடாது, யாரோடும் வாதாடக்கூடாது, குடித்துவிட்டுப் போகவே கூடாது. "இன்னாரைத் தேடி வந்திருக்கிறோம், இருக்கிறாரா?" என்று கேட்டு, வந்த பதிலை மணியோடு எழுதிக்கொள்ளவேண்டும். இல்லை என்றால், இல்லை என்று சொன்னவர் பெயரோடு எழுதவேண்டும். வக்கீலுக்கு வழியில்லாதவருக்குத் தேசியச் சட்ட உதவி அறவாரியம் உண்டு, அந்த நம்பர் கையில் இருக்கவேண்டும். வெளியே விட்டதும் வீட்டுக்கு அல்ல, நேரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகவேண்டும். ரிப்போர்ட் செய்த நாளிலிருந்து நான்கு வாரம் எண்ணி, நிலைமை என்ன என்று எழுத்தில் கேட்கவேண்டும். அன்று அந்த நான்கு வாரத்தை எண்ண ஆள் இல்லாமல்தான் நாங்கள் தோற்றோம்.

ஒரு சந்தேகத்தை இப்போதே தீர்த்துவிடுகிறோம். நம் லயத்தில் இன்று வங்காளதேசத்துத் தோழர்களும் இந்தோனேசியத் தோழர்களும் இருக்கிறார்கள். போலீஸ் வண்டியைக் கண்டாலே அவர்கள் மரத்துக்குப் பின்னால் ஒதுங்குவதை நாம் பார்க்கிறோம். அவர்களுக்காகவும் போகவேண்டுமா என்று கமிட்டியில் ஒருவர் கேட்டார். அதே நிரையில் மரம் வெட்டுகிறவருக்குப் போகாமல் யாருக்குப் போவது? நம் பாட்டன் கப்பலை விட்டு இறங்கியபோது அவருக்கு மலாயில் இரண்டு வார்த்தை தெரிந்திருந்ததா?

மானேஜ்மெண்ட் என்ன சொல்லும் என்றும் சிலர் யோசிக்கிறீர்கள். மானேஜரிடம் பேசிவிட்டோம். வேலை நேரத்தில் போகாதவரை ஆட்சேபணை இல்லை என்றார். போலீசாருக்கும் தெரிவித்து ஒரு கடிதம் எழுதப் போகிறோம். ஒளித்துச் செய்கிற காரியம் இல்லை இது. மாவட்டப் போலீஸ் தலைவருக்கு மரியாதையாக, இன்னின்ன தோழர்கள் எங்கள் தோட்டத்தார் கைதானால் விசாரிக்க வருவார்கள் என்று எழுதுவோம். பதில் வந்தாலும் வராவிட்டாலும் நகல் நம் பைலில் இருக்கும்.

அந்தத் தகப்பனாரிடம் நேற்று மாலை போயிருந்தோம். இந்த விஷயத்தைக் கூட்டத்தில் சொல்லலாமா என்று கேட்கத்தான் போனோம். வெகுநேரம் பேசாமல் உளியைத் தீட்டிக்கொண்டிருந்தார். "பெயரைச் சொல்லவேண்டாம் கிராணியார்" என்றார். பிறகு நாங்கள் எழுந்தபோது, "ராத்திரியில் கூப்பிட ஆள் வேண்டுமென்றால் என் நம்பரை எழுதிக்கொள்ளுங்கள்" என்றார். எழுதிக்கொண்டோம். அது முதல் பெயர்.

மூன்றாவது டிவிஷனுக்கு இன்னும் ஒருவரும் இல்லை. நோட்டுப் புத்தகம் மேடைக்கு இடப்பக்கம் உள்ள மேசையில் இருக்கிறது. பேனாவும் இருக்கிறது.